மேற்படி என்றால் யார்?

அருள், நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்றுத்தான் வீடியோவில் உன் தாடியைப் பார்த்தேன். அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தைக் கவருக்குள் வைக்காமல் ஊரறிய எழுதுவதில் உன் அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம். "வீட்டு சமாச்சாரத்த எதுக்கு நடுத்தெருவுல கொண்டாந்து போடற" என்கிறார். பூட்டி வைத்திருக்கிற கணக்கையெல்லாம் வெளியே எடுத்துப் போடுவதுதான் என் வேலை என்று சொல்லித்தானே நீ விமானம் ஏறினாய். அப்படியிருக்க அம்மாவின் கடிதம் மட்டும் ஏன் ஒட்டிய கவரில் வர வேண்டும்?

உன் வேலை என்னவென்று எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். நீ போய் ஐந்து மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலைவிட்டு வெளியே வந்தால் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். உன் பெரியம்மாவிடம் "பேங்க் மாதிரி" என்றேன். அடுத்த வாரமே தன் மருமகனுக்கு லோன் கிடைக்குமா என்று கேட்டாள். பிறகு "கவர்மெண்ட் மாதிரி" என்று மாற்றிச் சொன்னேன். "எந்த கவர்மெண்டு?" என்றாள். "ஒண்ணு இல்லக்கா, நாலஞ்சு" என்றேன். அன்றிலிருந்து நீ ஏதோ ரகசிய உத்தியோகத்தில் இருப்பதாக அவள் திண்டிவனம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மறுக்கவில்லை. பெண் பார்க்கும்போது உதவும்.

புறப்படுவதற்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் நின்று நீ விளக்கியது நினைவிருக்கிறதா? ஆப்பிரிக்கா பக்கம் சின்னச் சின்ன நாடுகள். அங்கே அரசாங்கத்துக்கு எவ்வளவு பணம் வருகிறது, எதற்குச் செலவழிக்கப் போகிறார்கள், சொன்னபடி செலவழித்தார்களா என்பதையெல்லாம் அந்த ஊர்ச் சனங்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுத உதவுகிற நிறுவனம் என்றாய். "இப்ப மட்டும் எப்படி எழுதறாங்களாம்?" என்று கேட்டேன். "யாருக்கும் புரியாத மாதிரிம்மா." "அப்படி எழுதறவங்க யாருடா?" நீ டீயை ஒருமுறை ஊதினாய். "உன்ன மாதிரி ஆளுங்கதான்" என்றாய். நான் சிரித்தேன். டீக்கடைக்காரரும் சிரித்தார். வீட்டுக்கு வருகிற வழியில்தான் எனக்குச் சிரிப்பு நின்றது. இருபத்தாறு வருஷமாக ஒன்றிய அலுவலகத்தில் உட்கார்ந்து பட்டியல் எழுதித்தான் உன்னைப் படிக்க வைத்தேன். என்னை மாதிரி ஆட்களைத் திருத்துவதற்கு உனக்குச் சம்பளம். அதுவும் என்னுடையதைவிட அதிகம். இதில் பெருமைப்படுவதா, கோபப்படுவதா என்று இன்றுவரை முடிவாகவில்லை.

நீ அறிந்ததுதான், ஆனாலும் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஒன்றியத்தில் நாற்பத்துச் சொச்சம் ஊராட்சிகள். ஒவ்வொரு வருஷமும் சாலை வேண்டும், குழாய் வேண்டும், விளக்கு வேண்டும் என்று எல்லா ஊரிலிருந்தும் பட்டியல் வரும். அவற்றைச் சேர்த்து ஒழுங்குபடுத்தி மேலே அனுப்புவது என் மேசையின் வேலை. பட்ஜெட் என்றால் பத்துப் பேர் உட்கார்ந்து யோசித்துப் போடுவது என்று நான்கூட வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்திருந்தேன். போன வருஷத்துக் கோப்பை எடு, வருஷத்தை மாற்று, தொகையோடு நூற்றுக்குப் பத்து கூட்டு என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஒருமுறை அட்டையில் வருஷத்தை மாற்றிவிட்டு உள்ளே மாற்ற மறந்துபோனேன். வெளியே ஒரு வருஷம், உள்ளே ஒரு வருஷம். ஐந்து கையெழுத்தோடு ஒப்புதலாகி வந்தது. அந்த ஐந்து பேரும் அதைப் படித்திருந்தால் எனக்கு அவமானமாகியிருக்கும். படிக்காததால் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பற்றி அப்போதே பயந்திருக்க வேண்டும்.

பட்டியல் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு செல்லச் சொல் இருக்கிறது: மேற்படி. ஒரே தெருவுக்கு இரண்டு வேலை என்றால் தெருப் பெயரை இரண்டாம் முறை எழுத மாட்டோம். "மேற்படி" என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். மேலே என்ன இருக்கிறதோ அதுவே இங்கும் என்று அர்த்தம். எனக்கு அது எழுதி எழுதிப் பழகி, வீட்டுக் கணக்கு நோட்டிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. நீ ஆறாவது படிக்கும்போது அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "அம்மா, மேற்படின்னா யாரும்மா? நம்ம காசெல்லாம் அவருக்குத்தான் போவுது" என்று கேட்டாய். நானும் அப்பாவும் ஒரு வாரம் சிரித்தோம். மளிகைக் கடையில்கூடச் சொல்லிச் சிரித்தேன். உனக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

அந்த நோட்டில் உன் சைக்கிளுக்கு மூன்று வருஷம் பணம் ஒதுக்கியிருந்தேன். முதல் வருஷம் "அருள் சைக்கிள்" என்று எழுதினேன். அடுத்த வருஷம் அதன் கீழேயே "மேற்படி". மூன்றாம் வருஷம் பக்கம் மாறியது. புதுப் பக்கத்தில் முதல் வரி "அப்பா வண்டி ரிப்பேர்". அதற்குக் கீழே, பழைய பக்கத்தைப் பார்த்து அப்படியே "மேற்படி" என்று இறக்கினேன். அப்பா வண்டிக்கு இரண்டு புது டயர் வந்தது. நீ எட்டாவது முடிகிறவரை பள்ளிக்கு நடந்தாய். இத்தனை நாள் இதையும் ஒரு வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால், நீ சென்னையில் காலேஜில் இருந்தபோது, ஒருநாள் எங்கள் மேலாளர் வேகமாக வந்தார். "மேடம், ஊர் ஊரா பெரிய தொகை மேல வர்ற மாதிரி அடுக்கிக் குடுங்க. மீட்டிங்கு இருக்கு, ஜல்தி." முந்நூறு வரி. கையால் அடுக்கினால் விடிந்துவிடும் என்று உனக்குப் போன் போட்டேன். நீ கேண்டீனில் இருந்தாய். பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது. எதைத் தேர்ந்தெடுப்பது, எந்தப் பட்டனை அமுக்குவது என்று பரோட்டாவை மென்றுகொண்டே சொன்னாய். அமுக்கினேன். போலீஸ் பரேடு மாதிரி எல்லா வரிகளும் நிமிஷத்தில் வரிசைக்கு வந்து நின்றன. கம்ப்யூட்டர் என்னை மதித்த முதல் நாள் அது. மேலாளரே "பரவால்லியே மேடம்" என்றார். "பையன் சொல்லிக் குடுத்தான் சார்" என்று பெருமையாகச் சொன்னேன்.

வரிகள் இடம் மாறியபோது "மேற்படி"களும் கூடவே இடம் மாறின என்பது எனக்கு உறைக்கவில்லை. உனக்கும் உறைக்கவில்லை. ஓர் ஊர் (பெயர் எழுத மாட்டேன், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது) அனுப்பிய பட்டியலில் "கிழக்குத் தெரு, சிமெண்டுச் சாலை" என்று ஒரு வரி. அதன் கீழே "மேற்படி, குடிநீர்க் குழாய்". நான் பட்டனை அமுக்கிய பிறகு அந்தக் குழாய் "பிள்ளையார் கோயில் தெரு, கழிவுநீர்க் கால்வாய்" என்ற வரிக்குக் கீழே போய் நின்றுவிட்டது. மேற்படி என்றால் இப்போது பிள்ளையார் கோயில் தெரு. கிழக்குத் தெருக் குழாய் பிள்ளையார் கோயில் தெருவில் பதிக்கப்பட்டது. வேலை முடிந்ததும் அதன் வரிசை எண்ணைச் சொல்லி "முடிந்தது" என்று ஊராட்சிக்கு எழுதினோம். அவர்களின் பழைய பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே இருந்தது கிழக்குத் தெரு. அவர்களும் "முடிந்தது" என்று குறித்துக்கொண்டார்கள். நாலு வருஷம் தப்பு யார் கண்ணிலும் படவில்லை.

இந்த ஏப்ரலில், நீ போன மறு மாதம், ஒரு நீல நிற ஃப்ளெக்ஸ் சுருளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓர் அம்மாள் அலுவலகத்துக்குள் நேராக என் மேசைக்கு வந்தார். ஏதோ கட்சிக்காரர்கள் அனுப்பினார்களாக்கும் என்று நினைத்தேன். பெயர் ஜெயமேரி. கூலி வேலை, மகளிர் குழுவில் நோட்டு எழுதுகிறவர். சுருளைத் தரையில் உதறி விரித்தார். மண்ணும் மல்லாட்டைச் சருகுமாக (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) உதிர்ந்தன. பார்த்தால், ஜனவரி மாதக் கிராம சபையில் கட்டிய ஊராட்சி வரவு செலவுக் கணக்கு, ஐந்து வருஷ வேலைப் பட்டியலோடு. சனங்கள் பார்ப்பதற்காக அடித்துக் கட்டுகிறோம். கூட்டம் கலைந்ததும் யாராவது அவிழ்த்துப் போய் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிடுவார்கள். இதை அவர் மல்லாட்டை காயவைக்க எடுத்துப் போயிருக்கிறார்.

"பத்து நாளா இது மேலதான் காயுது மேடம். தெனம் குனிஞ்சி கிளறி வுடறேன், கண்ணு முன்னாடியே கீது. படிக்கத் தெரிஞ்சவ படிக்காம எப்படி இருப்பா? அந்தப் பதினேழாவது வரியப் பாருங்க."

"கிழக்குத் தெரு, குடிநீர்க் குழாய் அமைத்தல், பணி முடிந்தது" என்று வாசித்தேன்.

"அது எங்க தெரு. முடிஞ்சிச்சின்னா சந்தோசம். எங்க வச்சிக்கினு இருக்கீங்கன்னு சொன்னா ஒரு கொடம் புடிச்சிக்கினு போயிடுவேன்."

"நீங்க சரியா பாத்தீங்களாம்மா? தெரு மூலைல எங்கியாவது…"

"கொழா இன்னா கோழியா மேடம், மூலைல போயி ஒக்கார்றதுக்கு?"

அலுவலகமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. நெடுஞ்சாலையைத் தாண்டிப் போய் ஒரு மோட்டார் கொட்டகையில் தண்ணீர் பிடிக்கிறார்களாம். மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. "லாரி வர்ற வேகத்துல அவ ரெண்டு கொடத்த தூக்கிக்கினு ரோட்டத் தாண்டறா. நான் இந்தாண்ட நின்னு கைய காட்டறேன். ஏன் கொழா இல்லன்னு போன வருசமே மனு குடுத்தேன். ஏற்கெனவே போட்டாச்சி, மறுக்கா போட முடியாதுன்னு பதில் வந்திச்சி" என்றார். அந்தப் பதிலைத் தயாரித்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பதிவேட்டில் "முடிந்தது" என்று இருந்தது, பார்த்து எழுதினேன்.

அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். பிள்ளையார் கோயில் தெருவில் வீட்டுக்கு இரண்டு குழாய். ஒரு பெரியவர் பெருமையாகவே காட்டினார்: "இது பழசுங்க, குடிக்கறதுக்கு. இது புதுசு, வண்டி கழுவறதுக்கு." "ரெண்டாவது எதுக்கு வந்துச்சின்னு கேக்கலீங்களா?" என்றேன். "கவர்மெண்டு குடுக்கறத ஏன்னு யாராச்சும் கேப்பாங்களாம்மா?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பஸ்ஸில் திரும்பும்போதுதான் வேறொன்று தோன்றியது. இதே தப்பு மறுபக்கம் சாய்ந்து, இவர்கள் தெருக் குழாய் கிழக்குத் தெருவுக்குப் போயிருந்தால், தோண்ட ஆரம்பித்த அன்றைக்கே நாலு பேர் வண்டியில் வந்து என் மேசையைத் தட்டியிருப்பார்கள். மேற்படி எங்கே வேண்டுமானாலும் விழலாம். சில தெருக்கள்மேல் விழுந்தால் மட்டும் சத்தமே வருவதில்லை.

என் குழப்பம் அங்கே தொடங்கியது. திருடன் யார் என்று தேடினேன். ஒருத்தரும் இல்லை. ஒப்பந்தக்காரர் காகிதத்தில் சொன்ன தெருவில் குழாய் பதித்திருக்கிறார். பொறியாளர் சரியாக அளந்திருக்கிறார். தணிக்கைக்கு வந்தவர்கள் கூட்டிப் பார்த்தார்கள், கூட்டல் சரி. கணக்கை ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டினோம், கிராம சபையில் உரக்கப் படித்தோம். நீ சொல்கிற வெளிப்படைத்தன்மை இதுதானே? எல்லாம் வெளியேதான் கிடந்தது, மல்லாட்டைக்குக் கீழே. ஒரு பைசாகூடத் தொலையவில்லை. ஒரு தெருவே தொலைந்துவிட்டது.

உனக்குப் போன் செய்தேன். முதலில் நீ உத்தியோகத் தோரணையில் பேசினாய். "இது உன் தப்பு இல்லம்மா, சிஸ்டத்தோட தப்பு." "அந்தப் பட்டன அமுக்கினதாலடா" என்றேன். "எந்தப் பட்டன்?" என்றாய். நான் பரோட்டாவை ஞாபகப்படுத்தினேன். பிறகு, நான் ரிட்டயர் ஆக எத்தனை வருஷம் இருக்கிறது என்று கேட்டாய். மூன்று என்றேன். "மெமோ குடுப்பாங்களாம்மா?" குடுக்கலாம் என்றேன். அப்புறம் நீ கேட்டாய்: "யாருக்கும் தெரியாம சரி பண்ண ஏதாவது வழி இருக்கா?" கேட்டுவிட்டு நீயே வாயை மூடிக்கொண்டாய். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அந்த ஒரு கேள்வியில்தான் உன் வேலை எனக்கு ஓரளவு புரிந்தது. அங்கே நீ எந்தப் பெரிய அதிகாரியிடம் போய்க் கணக்கைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்டாலும், அவருக்குப் பின்னால் ஓர் அம்மாவோ மகனோ நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரிந்திருக்காது.

மேலாளர் நல்ல மனிதர். அவரும் வழி சொன்னார். "‘மேற்படி பணியில் ஏற்பட்ட எழுத்துப்பிழை’ன்னு ஒரு வரி போட்டு அனுப்பிடுங்க மேடம். யாரு பண்ணது, எப்படி ஆச்சுன்னு போடாதீங்க. போட்டீங்கன்னா பதினேழு பி. அப்புறம் அது முடியற வரைக்கும் பென்ஷன் கெடப்புல கெடக்கும்." பதினேழு பி என்றால் எங்கள் உலகத்தில் ஒழுங்கு நடவடிக்கை. பிள்ளைகளைப் பூச்சாண்டி காட்டி மிரட்டுவதுபோல எங்களை அதைக் காட்டி மிரட்டுவார்கள். எழுத்துப்பிழை என்று ஒரு வரி எழுதி வைத்தேன். கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி வைத்தேன். இப்படி ஒற்றை வரியில் வந்த எத்தனையோ கடிதங்களை நானே "விளக்கம் தேவை" என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதுவும் திரும்பி வரும், மறுபடி போகும். அதற்குள் ஜெயமேரியின் மருமகள் எத்தனை முறை சாலையைத் தாண்டுவாள்?

மே தினக் கிராம சபைக்குப் பார்வையாளராக என்னை அனுப்பினார்கள். கணக்கைப் படிக்கச் சொன்னார்கள். நாக்கு பழக்கத்தை விடுமா? மூன்றாவது வரியிலேயே "மேற்படி" என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஜெயமேரி எழுந்தார். "மேற்படின்னா யாரு மேடம்?" கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு ஆறாவது படிக்கிற உன் குரல் மாதிரியே கேட்டது. இந்தத் தடவையாவது பதில் சொல்லியாக வேண்டும். "நான்தாம்மா" என்றேன். பிறகு பட்டியலை அடுக்கியது, வரி நகர்ந்தது, மனுவுக்குத் தப்பாகப் பதில் எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். பாதிப் பேருக்குப் புரியவில்லை. பிள்ளையார் கோயில் தெருக்காரர் ஒருவருக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. "அப்ப எங்க கொழாய புடுங்கிடுவீங்களா?" என்றார். ஜெயமேரி திரும்பிப் பார்த்து, "உன் கொழா ஒனக்கே இருக்கட்டும்ணா, நீ வண்டி கழுவு. எங்களுக்கு எங்க பேர்ல வந்தா போதும்" என்றார்.

மறுநாள் விளக்கக் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். தப்பு எப்படி நடந்தது, யார் செய்தது, எந்தத் தெருவுக்குப் போக வேண்டியது எந்தத் தெருவுக்குப் போனது எல்லாம் எழுதி, கீழே என் முழுப் பெயரும் பதவியும் போட்டேன். "கணினியில் வரிசை மாற்றியபோது" என்று மட்டும் எழுதினேன். சொல்லிக் கொடுத்தது யார் என்று எழுதவில்லை. அதன்பிறகு பதிவேட்டில் "முடிந்தது" என்பதை அடித்து "முடியவில்லை" என்று மாற்ற உத்தரவு வந்தது. இருபத்தாறு வருஷத்தில் நான் சாதித்தது இதுதான்: முடிந்த ஒரு வேலையை முடியாததாக ஆக்கியிருக்கிறேன்.

ஆனால் பணம் இல்லை. அந்தப் பணம் பிள்ளையார் கோயில் தெரு மண்ணுக்குள் இருக்கிறது. இந்த வருஷப் பட்டியலில் கிழக்குத் தெருக் குழாய்க்கு அடையாளத் தொகையாக ஆயிரம் ரூபாய் போட்டிருக்கிறோம். இந்த வேலைக்கென்று ஒரு கணக்குத் தலைப்பு திறந்திருந்தால் நடுவில் எங்காவது மிச்சமாகும் பணத்தை இதற்குத் திருப்பலாம் என்று கணக்கு. ஜெயமேரியிடம் சொன்னேன். "ஆயிரம் ரூபாய்க்கு இன்னா வரும்?" என்று கேட்டார். "ஒரு குழாய்த் தலை வரும்" என்றேன். "கடுதாசில உங்க பேரு வந்திச்சி, ஆயிரம் ரூபா வந்திச்சி, எங்க வூட்ல கொழந்தயும் வந்திச்சி. தண்ணி மட்டும் எப்ப மேடம் வரும்?" என்றார். தெரியாது என்று சொன்னேன். ஓர் அரசு ஊழியர் அந்த வார்த்தையைச் சொல்லி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. இப்போது திங்கள்கிழமை தவறாமல் போன் செய்கிறார். "கெழக்குத் தெரு எந்த வரியில இருக்கு?" என்பார். நான் வரி எண்ணைச் சொல்ல வேண்டும். மாறவில்லை என்று தெரிந்தால் வைத்துவிடுவார்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதே சந்தேகம். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அந்த ஊரில் உன்னிடம் ஒரு பட்டியலைத் தந்தால் கூட்டல் சரியா என்று மட்டும் பார்க்காதே. ஒவ்வொரு வரியும் எந்தத் தெரு என்று கேள். அந்தத் தெருவில் குடம் தூக்குகிறவரைத் தேடிப்போய் வாசித்துக் காட்டு. அவர் எதன்மேல் என்ன காயவைக்கிறார் என்றும் பார்த்து வை. கணக்கை வெளியிட நீங்கள் போடப்போகிற வெப்சைட்டின் மேல் எதையும் காயவைக்க முடியாது என்பது எனக்கு ஒரு கவலை.

என் சொல் கேட்டு, இப்போது அந்த ஊராட்சியில் மேற்படி போடாமல் ஒவ்வொரு வரியிலும் தெருப் பெயரை முழுதாக எழுதிப் புது ஃப்ளெக்ஸ் அடித்திருக்கிறார்கள். பழையதைவிட ஒன்றரை மடங்கு நீளம். செலவு அதிகமாகிவிட்டதென்று ஊராட்சிச் செயலருக்கு வருத்தம். ஜெயமேரிக்கு ஏகத் திருப்தி. "பெருசா கீது மேடம், ரெண்டு மூட்ட காயும். எங்க தெரு வரி மேல மட்டும் கொட்ட மாட்டேன்" என்றார்.

மெமோ இன்னும் வரவில்லை. தண்ணீரும் வரவில்லை. எது முதலில் வரும் என்று அலுவலகத்தில் பந்தயம்கூடக் கட்டியிருக்கிறார்கள். நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. மெமோ வந்தால் நான் சொல்கிறேன். தண்ணீர் வந்தால் ஜெயமேரி உனக்கே போன் செய்வார். உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். எடுத்துப் பேசு, மீட்டிங் என்று சொல்லாதே. பட்டனைச் சொல்லிக் கொடுத்தது நீ என்று அந்த விளக்கக் கடிதத்தில்தான் எழுதவில்லை. அவரிடம் சொல்லிவிட்டேன்.

தாடியை எடு.

உன் அம்மா